எட்டாவது பாட்டிலிருந்து நான் பேசினேன்

அன்புள்ள அத்தான்,

வியாழக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு விமானம். எனக்கும் நம் மகள் ஷீலாவுக்கும். உங்களை இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறோம். சொல்லாமல் கிளம்ப மனசு கேட்கவில்லை. அங்கே வந்து நின்றால் பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் இதைப் போடுவதாகச் செல்லையா அங்கிள் சொல்லியிருக்கிறார். போடட்டும். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், எனக்கு இனி என்ன மறைக்க இருக்கிறது?

உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சிலதைச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நியூ ஜெர்சி பார்சிப்பனியில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கெமிஸ்ட். திங்கள் முதல் வெள்ளி வரை வாய் திறக்காத மனுஷன். சனிக்கிழமை விடிந்தால் பஸ் பிடித்து நியூயார்க் போய், நாடகத்துக்குப் பாதி விலையில் டிக்கெட் கொடுக்கிற வரிசையில் நின்றுவிடுவீர்கள். பாட்டோடு நடக்கிற நாடகம் எதுவாக இருந்தாலும் சரி. பாட்டில்லாத நாடகத்தை உப்பில்லாத சோறு என்பீர்கள். பாளையங்கோட்டையில் கிறிஸ்மஸ் நாடகத்தில் மேய்ப்பன் வேஷம் கட்டிப் பாடின நாளிலிருந்து பிடித்த பைத்தியம் என்று உங்கள் அண்ணன் சொல்வார்.

அந்தப் பைத்தியம் முற்றித்தான் ரேடியோவுக்குப் போனது. இங்கே ஒரு காலேஜ் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் தமிழுக்குக் கொடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான செல்லையா அங்கிள்தான் அதை நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய், மேடை இசை நாடக வரலாற்றிலேயே மிக முக்கியமான பன்னிரண்டு பாடல்கள் என்று ஒரு தொடர் செய்கிறேன், வாரத்துக்கு ஒரு பாட்டு, ஏன் முக்கியம் என்று தமிழில் சொல்லுவேன், பிறகு இசைத்தட்டைப் போடுவேன் என்று கேட்டீர்கள். அவரும் சரி என்றார். ஏழு வாரம் நடந்தது. ஏழில் ஒன்றையாவது நான் கேட்டேனா? நீங்கள் பேசுகிற நேரத்தில் நான் துணி துவைக்கிற அறையில் இருந்தேன். வேண்டுமென்றேதான்.

எனக்குக் கோபம், அத்தான். ஐந்து வருஷம் ஆகியும் எனக்கு இங்கே கார் ஓட்டத் தெரியாது. பால் வாங்கவும் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த சனிக்கிழமை சொல்லித்தருகிறேன், அடுத்த சனிக்கிழமை சொல்லித்தருகிறேன் என்று மூன்று வாரம் போயிருந்தது. நாலாவது சனிக்கிழமை காலையில் நீங்கள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள். யாரோ ஒரு புது நடிகை இன்றைக்குத்தான் கடைசியாகப் பாடுகிறாளாம். நான் அடுப்படியில் இருந்து சொன்னேன்: “அப்ப அங்கனயே இருந்துக்கிடுங்க. வீட்டுக்கு வரவே வேண்டாம்.”

கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

பகல் இரண்டரைக்கு ஃபோன் வந்தது. அப்போதும் நான் கோபமாகத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசின பெண் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னபோதும் கோபம் போகவில்லை. என்னத்தையோ தொலைத்துவிட்டீர்கள், பர்ஸாக இருக்கும் என்று நினைத்தேன். வரிசையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். உங்களுக்கு நாற்பத்தொரு வயசு. நான் சொன்னது உங்கள் காதில் கடைசி வரை இருந்ததா? பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனீர்களா? இந்த ஒன்பது மாசமாக நான் தூங்குகிற தூக்கமெல்லாம் இந்தக் கேள்விக்குள்தான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் கம்பெனி வக்கீல் கூப்பிட்டார். நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நாம் மூன்று பேருக்குமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பின கிரீன் கார்டு விண்ணப்பம் உங்கள் வேலைக்காகப் போட்டது. வேலை செய்கிறவர் இல்லையென்றால் விண்ணப்பமும் இல்லை. நானும் ஷீலாவும் உங்கள் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். பள்ளிக்கூடம் முடிகிறவரை எப்படியாவது நேரம் வாங்கப் பார்க்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார். வெளியே வந்து பஸ் நிறுத்தம் எங்கே என்று தெரியாமல் பனியில் இரண்டு மைல் நடந்தேன்.

ஊரிலிருந்து உங்கள் அண்ணன் எழுதினார். வந்துவிடு, பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது, பிள்ளையை இங்கே கான்வென்டில் சேர்த்துவிடலாம், நீ எந்த வேலைக்கும் போகவேண்டாம், ஒரு பக்கமாக ஜெபம் பண்ணிக்கொண்டு இரு என்று. அன்பாகத்தான் எழுதினார். ஒரு பக்கமாக என்கிற இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு முப்பத்துநாலு வயசு. கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவள். என்னை எந்தப் பக்கமாக வைக்கப்போகிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் செல்லையா அங்கிள் ஃபோன் பண்ணினார். உங்கள் நேரத்தில் அவர் வெறும் வீணை இசையைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். “தங்கச்சி, சனம் கேக்குது. ஏழு பாட்டோட நிண்டுபோச்சு. அவர் எழுதி வச்ச குறிப்பு ஏதும் வீட்டில கிடக்கோ? கிடந்தா நான் வாசிச்சு முடிக்கிறன்” என்றார்.

குறிப்பு இருந்தது. உங்கள் மேஜை டிராயரில் பன்னிரண்டு அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு. ஆனால் நான் சொன்னேன்: “நீங்க வாசிக்க வேண்டாம் அங்கிள். நானே வாறேன்.”

உங்கள் மேல் உள்ள பிரியத்தால் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எல்லோரும் நினைத்தார்கள். சங்கத்தில் ஒரு ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மை அது இல்லை. நியூ ஜெர்சியில் தமிழ் தெரிந்த அத்தனை டாக்டர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் யாராவது ஒருவர் என்னை வேலைக்கு எடுத்து, என் பெயரில் விசாவுக்குப் பேப்பர் போட்டால் நாங்கள் தப்பிப்போம். பாட்டைச் சொல்லி முடித்துவிட்டு மைக்கில் பிச்சை கேட்பது என்று முடிவு பண்ணித்தான் போனேன். உங்கள் பாட்டுகளை நான் ஒரு தட்டாகத்தான் எடுத்துக்கொண்டு போனேன், அத்தான்.

எட்டாவது அட்டையில் நீங்கள் எழுதியிருந்தது இரண்டு வரி. இதற்கு முன்னால் பாட்டு வந்தால் கதை நிற்கும். இந்தப் பாட்டிலிருந்து கதையே பாட்டுக்குள்ளே நடக்கும். அதை வாசித்தேன். நம் ஊர் நாடகத்தில் செத்து விழுந்த ராஜாவைக்கூட ஒன்ஸ் மோர் என்று கத்தி எழுப்பிப் பாடவைப்பார்களே, அங்கே கதை பாட்டுக்காகக் காத்திருக்கும், இங்கே அப்படி இல்லை என்று நானாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். சொன்ன பிறகு குரல் உடைந்துவிட்டது. எந்த ராஜாவை யார் எழுப்புவது? செல்லையா அங்கிள் அவசரமாக இசைத்தட்டைப் போட்டுவிட்டார். பிச்சை கேட்க முடியவில்லை.

ஒன்பதாவது வாரமும் முடியவில்லை. அது நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு விதமாகப் பாடுகிற பாட்டு. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சண்டை, பாடினால் நாலு பேர் மனசும் கேட்கும் என்று அட்டையில் இருந்தது. வாசித்துவிட்டு இசைத்தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் நாம் இரண்டு பேர் பேசினோமே, அதில் யார் மனசு யாருக்குக் கேட்டது? பத்தாவது, முதலில் சந்தோஷமாகப் பாடின அதே மெட்டை அதே பெண் கடைசியில் மறுபடி பாடுகிற பாட்டு. மெட்டு மாறவில்லை, பாடுகிறவள் மாறிவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்துகொண்டு ஏன் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை? நான் கேட்கவில்லை என்பீர்கள். அதுவும் சரிதான்.

பதினோராவது அட்டையில் பாட்டின் பெயர் மட்டும் இருந்தது. கீழே ஒன்றும் எழுதவில்லை. நூலகத்திலிருந்து நீங்கள் எடுத்து வைத்திருந்த இசைத்தட்டைப் போட்டுக் கேட்டேன். ஒரு பெண் தனியாக நின்று பாடுகிறாள், அவ்வளவுதான் புரிந்தது. நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று பார்ப்பதற்காகச் செல்லையா அங்கிளிடம் பழைய ஏழு நிகழ்ச்சிகளின் கேசட்டுகளை வாங்கி வந்தேன். ஷீலா ஸ்கூலிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் கார்பெட்டில் உட்கார்ந்து முதல் கேசட்டைப் போட்டோம்.

உங்கள் குரல் வந்தது. ஷீலா என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நீங்கள் கொஞ்ச நேரம் வரலாறு சொன்னீர்கள். பிறகு, மனுஷன் பேசுவதை விட்டு ஏன் பாட ஆரம்பிக்கிறான் என்று பெரிய பெரிய ஆட்கள் புத்தகம் எழுதியிருக்கிறார்கள் என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். “எங்க வீட்டம்மாவை ஒரே ஒரு நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இடைவேளையில ஒண்ணு சொன்னா. ‘அந்தப் பிள்ளை அதைப் பேசிச் சொன்னா அழுதிருவா, அதனாலதான் பாடுதா’ன்னா. நான் படிச்ச புத்தகம் எல்லாத்தையும் விட அதுதான் சரி. இந்தப் பன்னிரண்டு பாட்டையும் அதை வச்சுத்தான் பொறுக்கியிருக்கேன்.”

நான் டேப்பை நிறுத்தினேன். மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் ஷீலாதான் என் கையைப் பிடித்து எடுத்தாள்.

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை, அத்தான். அன்றைக்குக் குளிர், காலில் புதுச் செருப்பு கடித்தது, அது மட்டும்தான் ஞாபகம். நீங்கள் ஊர் முழுக்கக் கேட்கும்படி என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். யாராவது ஒரு ஆன்ட்டி, உன் வீட்டுக்காரர் உன்னைப் பற்றிச் சொன்னாரே என்று எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டை இல்லாமல் பேசினேன். எழுதிவைத்துப் பேச எனக்கு வரவில்லை, நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்: “இந்தப் பாட்டுல கதை நகரல. யாரும் வரல, யாரும் போகல. எல்லாரும் போன பெறவு அவ மட்டும் அங்கன நிக்கா. நிக்கிறதுக்கும் ஒரு பாட்டு வேணும்லா, அதனால இது முக்கியம்.” இசைத்தட்டு ஓடி முடிகிற வரை செல்லையா அங்கிள் தலையைக் குனிந்தே இருந்தார்.

பன்னிரண்டாவது வாரம் கேட்டுவிட்டேன். காலேஜ் வானொலியில் சொந்த விஷயத்துக்கு உதவி கேட்கக் கூடாது என்பது விதி. அங்கிளிடம் முன்கூட்டியே சொன்னேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர், “நான் தண்ணி குடிச்சிட்டு வாறன், நீங்கள் கதையுங்கோ” என்று மைக்கைத் திறந்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் என் பெயரைச் சொன்னேன், படிப்பைச் சொன்னேன், ஆறு வருஷம் வார்டில் வேலை பார்த்ததைச் சொன்னேன், ஜூன் மாசத்தோடு போகவேண்டும் என்பதைச் சொன்னேன். வேலை கொடுக்க யாராலாவது முடியுமா என்று கேட்டேன். பிறகு உங்கள் கடைசிப் பாட்டைப் போட்டேன். வெட்கத்தில் அந்தப் பாட்டு என் காதில் விழவே இல்லை.

முதல் வாரம் யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது வாரம் ஒருவர் கூப்பிட்டு, இப்படிப் பொதுவில் கேட்டது நம் சமூகத்துக்கு அழகா என்று விசாரித்தார். சர்ச்சில் என்னைப் பார்த்தால் ஆட்கள் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள். மாத்திரை டப்பாவைத் திறந்து ஒரு மத்தியானம் நான் எண்ணிப் பார்த்தேன் என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எண்ணிவிட்டு மூடி வைத்தேன். மூணேகாலுக்கு ஷீலாவின் ஸ்கூல் பஸ் வரும்.

மூன்றாவது வாரம் கதவைத் தட்டியது ரோஸ்லின் ஆன்ட்டி. தூத்துக்குடிக்காரி, முதியோர் இல்லம் ஒன்றில் தலைமை நர்ஸ், அதுவரை நான் பார்த்ததே இல்லை. கையில் இரண்டு தடித்த புத்தகம். உட்காரக்கூட இல்லை. “ரேடியோல அழுத பொண்ணு நீதானே? அழுகைக்கு இங்க யாரும் பேப்பர் போட மாட்டாங்கம்மா. வெளிநாட்டு நர்ஸுக்குன்னு ஒரு பரீட்சை இருக்கு. பாஸ் பண்ணு, எங்க டைரக்டர் கிட்ட நான் பேசுறேன்” என்றாள். பேசவும் செய்தாள். பரீட்சையில் தேறினால் வேலை தருவதாக அவர் கடிதமே கொடுத்துவிட்டார். ஆனால் அடுத்த பரீட்சை செப்டம்பரில். இங்கே தங்க அதுவரை அனுமதி கேட்டுப் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. மெட்ராஸிலும் அந்தப் பரீட்சை நடக்கிறது, அங்கே போய் எழுது என்றார் வக்கீல். எழுதினால், தேறினால், தூதரகத்து ஜன்னலில் நிற்கும்போது அவர்கள் சரி என்றால் வரலாம். எத்தனை ‘ஆல்’ என்று பாருங்கள்.

ஷீலாவைத் தன்னிடம் விட்டுப் போகச் சொன்னாள் ஆன்ட்டி. ஸ்கூல் கெடாது, உனக்கும் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்ற வைராக்கியம் இருக்கும் என்றாள். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. பிள்ளையிடமே கேட்டேன். வழக்கம்போல் இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள்: நான் இல்லாவிட்டால் உனக்கு யார் கேள்வி கேட்பார்கள் என்று. தினமும் சாயங்காலம் அவள்தான் அந்தப் புத்தகத்திலிருந்து கேள்வி வாசிக்கிறாள், நான் பதில் சொல்கிறேன். தப்பானால் உங்களை மாதிரியே புருவத்தைத் தூக்குகிறாள். அவளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். சரியா தப்பா தெரியவில்லை. நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

போன சனிக்கிழமை நானும் அவளும் பஸ் பிடித்து நியூயார்க் போனோம். அந்த வரிசையைப் பார்க்காமல் போக என்னால் முடியவில்லை. வரிசையில் நின்றவர்களிடம் உங்கள் ஃபோட்டோவைக் காட்டி, போன அக்டோபரில் யாராவது இங்கே இருந்தீர்களா என்று ஷீலா கேட்டுக்கொண்டே போனாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். முன் பக்கத்தில் ஒரு வயசான கறுப்பர், தொப்பி வைத்தவர், ஃபோட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர்தான் உங்களுக்குப் பின்னால் நின்றவராம். வாராவாரம் வருகிறவராம். நீங்கள் விழுந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தவரும் அவர்தானாம்.

என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். எது உசத்தியான பாட்டு என்று அவரோடு வாக்குவாதமாம். அவர் சொன்ன பாட்டு உங்கள் பட்டியலிலேயே இல்லை என்று அடித்துப் பேசினீர்களாம். நான் ஷீலாவைப் பார்த்தேன், கேள் என்று. அவள் கேட்டாள்: அப்பா வருத்தமாக இருந்தாரா? அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். வருத்தமா, இல்லையம்மா, வாக்குவாதத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி இருந்தார் என்றார்.

அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன், அத்தான். என் வார்த்தை உங்கள் நெஞ்சில் தைத்திருந்ததா இல்லையா என்பதற்கு இது பதில் ஆகாது. வாக்குவாதத்துக்கு முன்னால் பஸ்ஸில் ஒரு மணி நேரம் இருக்கிறதே. அதை யார் பார்த்தார்கள்? ஆனாலும் அந்தக் கடைசி நேரத்தை ஒருவர் பார்த்திருக்கிறார், அதில் நீங்கள் நீங்களாகவே இருந்திருக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறவேண்டும்.

ரோஸ்லின் ஆன்ட்டி மாசம் ஒரு தடவை உங்களிடம் வந்து புல்லைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள், பழகிக்கொள்ளுங்கள்.

பின்கட்டு அறையில் இருந்துகொண்டே நான் படிப்பேன். செப்டம்பரில் எழுதுவேன். தவறினால் அதற்கடுத்த தடவை எழுதுவேன். எத்தனை தடவை ஆனாலும் சரி. இனி இந்த நாட்டில் வந்து இறங்கும்போது யாருடைய பேப்பரோடும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன். முதல் பெயராக என் பெயர் இருக்கும், கீழே ஷீலாவின் பெயர் இருக்கும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு, அத்தான். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வாக்குதான்.

உங்கள் மனைவி, ஷீலாவின் அம்மா,
கிருபா